லெபனானின் ஓரெழுத்துப் பிழை

இதயம், இரத்த ஓட்டம் என்று பேச்செழுந்தால் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் தவறாமல் ஒலிக்கும் பெயர் இப்னு நஃபீஸ். திமிஷ்கில் பயின்று, கெய்ரோவில் மருத்துவராகவும் ஷாஃபிஈ சட்ட ஆசிரியராகவும் விளங்கி, ஹிஜ்ரி 687-இல் (கி.பி. 1288) மறைந்த இப்பேரறிஞர், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்ற ஜாலீனூஸின் கூற்றை மறுத்தார். இரத்தம் நுரையீரலின் வழியாகவே ஒருபுறமிருந்து மறுபுறம் செல்கிறது என்றார். இப்னு சீனாவின் அல்கானூனில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய அதே விரிவுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இதயத்திற்கு உணவு அதன் அறைக்குள் நிற்கும் இரத்தத்திலிருந்து கிடைப்பதில்லை, அதன் சதையினூடே ஓடும் நாளங்களிலிருந்தே கிடைக்கிறது என்பதுதான் அது. இன்று மாரடைப்பு என்று நாம் அழைக்கும் நோய் அந்த நாளங்களில்தான் பிறக்கிறது.

இதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் அப்பெருமையின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். அவ்விரிவுரை நூற்றாண்டுக்கணக்கில் ஏட்டுச்சுவடிகளில் உறங்கியது. 1924-இல், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துப் பிரதியைப் படித்துத் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டிய பிறகே உலகம் அதை மீண்டும் அறிந்தது. நம் சொற்பொழிவுகளோ இப்னு நஃபீஸோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுகின்றன. அவருக்குப் பின் எழுநூறு ஆண்டுகளில் அரபு மண்ணுக்கும் இதய ஆய்வுக்கும் தொடர்பே இல்லாமற் போயிற்றா? இல்லை. அத்தொடர்பு மிக அண்மைக் காலத்தது. நாம் பெருமை பேசப் பழகிய வகையினது அன்று என்பதால் அது நம் கவனத்திற்கு வரவில்லை.

அவ்வரலாற்றைச் சொல்லுமுன் கொலஸ்ட்ராலைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். பித்தக்கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இம்மெழுகுப் பொருளுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்பார் முயல்களுக்குத் தூய கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்து ஊட்டி, அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1930களின் இறுதியில் நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், தோலிலும் தசைநாண்களிலும் மஞ்சள் நிறக் கட்டிகள், இரத்தத்தில் மிகுகொழுப்பு, இள வயது இதயநோய் ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதைக் கண்டார். ஆனால் அது இறங்கி வரும் முறை தெளிவாகவில்லை. சிலருக்கு நாற்பது ஐம்பது வயதில் மாரடைப்பு வருகிறது. வேறு சிலரோ பள்ளிப் பருவத்திலேயே மாண்டு போகிறார்கள். இது ஒரே நோயா, இரண்டா?

இதற்கு விடை பெய்ரூத்திலிருந்து வந்தது. அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1866-இல் கிறித்தவப் போதகர்கள் நிறுவிய கல்லூரியாகத் தொடங்கியது. இடையில் ஒரு செய்தியைச் சொல்ல விழைகிறோம். அதன் தொடக்க ஆண்டுகளில் மருத்துவம் அரபு மொழியிலேயே கற்பிக்கப்பட்டது; வான் டைக் என்ற அமெரிக்க ஆசிரியர் அதற்கென அரபியில் பாடநூல்கள் எழுதினார். பிற்பாடு ஆங்கிலம் பயிற்றுமொழி ஆனது. அரபு மொழி அறிவியலுக்கு ஆகாது என்போருக்கு இதுவே போதிய மறுமொழி.

அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கச்சதூரியான் என்ற ஆர்மீனிய மருத்துவர், லெபனான் குடும்பங்கள் பலவற்றை ஆராய்ந்து 1964-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உலகின் பிற பகுதிகளில் பத்து லட்சத்தில் ஒருவரிடம்தான் காணக்கூடும் என்று அக்காலத்தில் கருதப்பட்ட கடுமையான வடிவம், லெபனானில் அவர் கண்முன்னே குடும்பம் குடும்பமாக வந்து நின்றது. கொழுப்பின் அளவை வைத்துப் பார்த்தால் இக்குடும்பத்தினர் மூன்று பிரிவினராகத் தெளிவாகப் பிரிந்தனர். இயல்பான அளவுள்ளோர் ஒரு பிரிவு. ஏறத்தாழ இரு மடங்கு உள்ளோர் இன்னொன்று. நான்கு மடங்களவு உள்ள குழந்தைகள் மூன்றாவது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றோர் இரண்டாம் பிரிவினர் என்றும், இருவரிடமிருந்தும் பெற்றோர் மூன்றாம் பிரிவினர் என்றும் அவர் நிறுவினார். நோய் ஒன்றுதான், பழுதின் அளவே வேறு.

இக்குழந்தைகளின் நிலையை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 600 முதல் 1000 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரால். முழங்கையிலும் முழங்காலிலும் விரல் மூட்டுகளிலும் மஞ்சள் கட்டிகள். பத்து வயதுக்குள் நெஞ்சுவலி. அக்காலத்தில் அவர்களுள் பலர் இருபது வயதைக் காணவில்லை. வாழ்நாளெல்லாம் கொழுப்புண்டு முதுமையில் மாரடைப்புக்கு ஆளாகிறவரின் தமனியில் ஐம்பது ஆண்டுகளில் நிகழ்வது, இக்குழந்தைகளின் தமனியில் பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்து முடிந்தது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் ஆகிய வேறெந்தக் காரணமும் அவர்களிடம் கலந்திருக்கவில்லை. கொலஸ்ட்ரால் தனித்து நின்றே தமனியை அடைக்க வல்லது என்பதற்கு அவர்களைவிடத் தெளிவான சான்று கிடைத்ததில்லை.

கச்சதூரியான் ஆர்மீனியராயிற்றே, இது எவ்வாறு நம் வரலாறாகும் என்று கேட்போர் இருக்கக்கூடும். அப்பாசியர் காலத்து மொழிபெயர்ப்புகளைப் புகழ்ந்து பேசும் நாம், அவற்றுள் தலைசிறந்தவற்றைச் செய்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவர் என்பதை மறந்துவிட்டுத்தானே பேசுகிறோம்? அரபு நிலத்தின் அறிவு ஒருகாலத்திலும் ஒரு சமயத்தாரின் தனியுடைமையாக இருந்ததில்லை.

காட்சி இப்போது அமெரிக்காவுக்கு மாறுகிறது. ஜோசப் கோல்ட்ஸ்டைன், மைக்கேல் பிரவுன் என்ற இரு இளம் மருத்துவர்கள் 1966-இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சியின்போது நண்பராயினர். பின்னர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றுகையில் இந்நோய் கடுமையாகத் தாக்கிய சிறுமி ஒருத்தியையும் அவள் அண்ணனையும் கண்டனர். அச்சிறுமிக்கு வயது ஆறு, அண்ணனுக்கு எட்டு. காரணத்தைக் கண்டறிந்தே தீர்வதென்று முடிவுசெய்து டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் ஆய்வைத் தொடங்கினர்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது, எளிமையினாலேயே அழகானது. கொழுப்பு நீரில் கரையாது, இரத்தமோ பெரும்பாலும் நீர். ஆகவே கொலஸ்ட்ரால் புரதம் போர்த்திய நுண்பொதிகளாகவே இரத்தத்தில் பயணம் செய்கிறது. அவற்றுள் ஒருவகையே எல்.டி.எல்.; ஒரு பொதியினுள் ஏறத்தாழ 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் அடங்கியிருக்கும். உடலின் உயிரணுக்கள் தாமும் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க வல்லவை. இயல்பானவரின் தோல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து எல்.டி.எல். கொடுத்தபோது, அவை சொந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. நோயாளியின் உயிரணுக்களோ எவ்வளவு கொடுத்தாலும் நிறுத்தவில்லை. தயாரிக்கும் நொதியில்தான் பழுது என்று முதலில் ஐயுற்றனர். பொதியைத் தவிர்த்து, கொலஸ்ட்ராலை மட்டும் ஆல்கஹாலில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தனர். உடனே நோயாளியின் உயிரணுக்களும் தயாரிப்பை நிறுத்தின. அப்படியானால் உள்ளே இருக்கும் தொழிற்கூடத்தில் பழுதில்லை, பழுது வாயிலில்! பொதியைப் பற்றி உள்ளே கொண்டுசேர்க்கும் கை ஒன்று உயிரணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டும், அது இந்நோயாளிகளிடம் இல்லை என்ற முடிவுக்கு 1974-இல் வந்தனர்.

அந்தக் கைக்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். அது பொதியைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குள் அமிழ்கிறது. உள்ளே அதை விட்டுவிட்டு மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். ஏறத்தாழ இருபது மணிநேர ஆயுளில் நூறு முறைக்கு மேல் இப்படிச் சென்று வருகிறது. கல்லீரலில் இவ்வேற்பிகள் மிகுதியாக இருப்பதனால்தான் நம் இரத்தம் தூய்மையாகிறது. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோயின் இரு வடிவங்களைப் பிரித்துக்காட்டியவர்களுள் ஒருவராகப் பெய்ரூத்தின் கச்சதூரியானைத் தம் நோபல் உரையில் அவர்கள் குறிப்பிட்டனர்.

1987-இல் டாலஸ் ஆய்வாளர்கள் மீண்டும் லெபனானுக்குத் திரும்பினர். நேரிலன்று, மரபணுவின் வழியாக. லெபனான் அப்போது உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஏற்பியைக் கட்டமைக்கும் கட்டளை பத்தொன்பதாம் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. 839 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. லெபனான் நோயாளிகளிடம் 660-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர் என்பதற்கு மாறாக, நிறுத்து என்று பொருள்படும் குறி அங்கே நின்றது. சங்கிலி பாதியில் அறுந்தது. உயிரணுச் சுவரில் ஏற்பியைப் பொருத்தும் பகுதி அந்த அறுந்த முனைக்கு அப்பால் இருப்பதால், முற்றுப்பெறாத அப்புரதம் மேற்பரப்புக்கு வந்துசேராமல் உள்ளேயே முடங்கிவிடுகிறது.

அரபுச் சுவடிகளோடு பழகியோர்க்கு இது புதிதன்று. புள்ளிகள் மாறினால் ‘பா’ ‘தா’ ஆகும். ‘ஜீம்’ ‘கா’ ஆகும். அறிவிப்பாளரின் பெயரே மாறிவிடும். தஸ்ஹீஃப் எனப்படும் இப்பிழையைக் களைவதற்கென்றே ஹதீஸ் அறிஞர்கள் தனி நூல்கள் யாத்தனர். பிழையுள்ள பிரதி ஒன்றிலிருந்து எழுதப்பட்ட பிரதிகளிலெல்லாம் அதே பிழை தொடர்வதைக் கொண்டு, அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சுவடி ஆய்வாளர் முடிவுசெய்வர். மரபணு ஆய்வாளரும் அதையே செய்தனர். லெபனான் நோயாளிகளுள் பெரும்பகுதியினரிடம் இதே பிழை இதே இடத்தில் காணப்படுவதால், தொலைதூர மூதாதை ஒருவரிடமிருந்து அது இறங்கி வந்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. அறிவியல் ஏடுகளில் அதற்கு லெபனான் மரபணு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அரபு நாட்டாரின் பங்கு நோயாளிகளோடு நிற்கவில்லை. ஏற்பியில் பழுதில்லாமலேயே இந்நோய் காணப்பட்ட பிரெஞ்சுக் குடும்பங்களைப் பாரிஸ் நகரில் கேதரின் புவாலோவின் குழுவினர் பல்லாண்டு ஆராய்ந்து, காரணம் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது என்ற அளவுக்கு வந்திருந்தனர். எகிப்தில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வுசெய்துவந்த நபீல் ஸய்தா 2003-இன் தொடக்கத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டறிந்தபோது, அதன் மரபணுவும் அதே பகுதியில் இருந்தது. பெய்ரூத்திலிருந்து பாரிஸ் சென்று அக்குழுவில் பயின்ற மரியான் அபீஃபாதெல், இக்குடும்பங்களில் பழுதுபட்டிருப்பது அம்மரபணுவே என்று அதே ஆண்டில் நிறுவினார். பி.சி.எஸ்.கே.9 எனப்படும் இப்புரதம் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அது மேற்பரப்புக்குத் திரும்பவொட்டாமல் அழிவுக்கு அனுப்புகிறது. அது அளவுமீறிச் செயல்பட்டால் ஏற்பிகள் குறையும், கொழுப்பு பெருகும்.

அதன் மறுதலையும் உண்மையா? 2005, 2006 ஆண்டுகளில் டாலஸின் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோகன் இருவரும் அதற்கு விடை கண்டனர். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் நூற்றுக்கு இருவர் அளவில் இப்புரதத்தின் ஒரு பிரதி பிறவியிலேயே செயலிழந்தவர்களாக இருந்தனர். அவர்களின் எல்.டி.எல். ஏனையோரினும் 28 விழுக்காடு குறைவாயிருந்தது. இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு! எவ்வளவு குறைவு என்பதைக் காட்டிலும் எவ்வளவு காலம் குறைவாக இருந்தது என்பதே தமனிக்குப் பெரிது என்ற உண்மை இதனால் வெளிப்பட்டது. ஐம்பது வயதில் மாரடைப்பு வந்தபின் எண்ணெயைக் குறைக்கும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்க்கத்தகும்.

இவ்விடத்தில் திருமண உறவைப் பற்றிப் பேசாமல் கடந்துசெல்ல இயலாது. லெபனானில் கடுமையான வடிவம் மிகுந்ததற்கு அப்பொது மூதாதை ஒரு காரணம் என்றால், நெருங்கிய உறவுக்குள் மணமுடிப்பது இன்னொரு காரணம். ஒற்றைப் பழுதுள்ள இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரட்டைப் பழுது வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒரே குடும்பத்தாராயின் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு பன்மடங்காகிறது. தென்னிந்தியாவில் மாமன் மகள், அத்தை மகன் என்று மணமுடிக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. சாச்சா பிள்ளைகளை மணப்பதும் நம்மில் சிலரிடம் உண்டு. ஷரீஅத் இதை அனுமதித்துள்ளது, ஆனால் ஏவவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களின் மத்ரஸாக்கள் நன்கறிந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், மணப்பெண்ணிடம் விரும்பத்தக்க பண்புகளைக் கூறுமிடத்தில் அவள் நெருங்கிய உறவினளாக இல்லாதிருப்பதையும் சேர்த்தே கூறுகிறது. பிறக்கும் பிள்ளை நலிவுறும் என்று விரிவுரையாளர்கள் இதற்குக் காரணம் காட்டினர். இக்கருத்தில் நபிமொழியாக வழங்கும் சொற்றொடருக்கு நம்பத்தகுந்த மூலம் கிடைக்கவில்லை என்று ஹதீஸ் பேரறிஞர் இப்னு ஸலாஹ் (ரஹ்) கூறிவிட்டார். எனவே அதை மேடைகளில் ஹதீஸாக எடுத்தோதுவது முறையன்று. அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) திருமணத்தைச் சான்றுகாட்டுவோர்க்கும் அந்நூல்களிலேயே விடை உண்டு. அலீ (ரலி) அவர்கள் தந்தையின் சாச்சா மகன். அது நெருங்கிய உறவு அன்று என்றே அறிஞர்கள் விளக்கினர். இமாம் நவவீ மறைந்தது ஹிஜ்ரி 676-இல். இப்னு நஃபீஸ் அவர்தம் சமகாலத்தவர், அதே மத்ஹபினர். மருத்துவமும் சட்டமும் ஒரே காலத்தில், ஒரே மரபினரிடம் அருகருகே வாழ்ந்த நாட்கள் அவை.

உறவுக்குள் மணம் கூடாதென்று தடைபோடுவது நம் நோக்கமன்று. குடும்பத்தில் எவரேனும் இள வயதில் மாரடைப்பால் மறைந்திருந்தால், பெண் பார்க்குமுன் இரு தரப்பாரும் இரத்தக் கொழுப்பைச் சோதித்துக்கொள்வது கடினமான செயலன்று. ஒற்றைப் பழுது இன்றைய கணக்கின்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலேயே வாழ்கின்றனர்.

மருந்துகளின் கதை எஞ்சியிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ ஏறத்தாழ ஆறாயிரம் பூஞ்சை வகைகளைச் சோதித்து, அரிசியில் வளரும் நீலப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 2024-இல் தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். 1987 முதல் விற்பனைக்கு வந்த ஸ்டாடின்கள் கல்லீரலின் சொந்தத் தயாரிப்பைத் தடுக்கின்றன. கொலஸ்ட்ரால் போதாத கல்லீரல் மேலும் ஏற்பிகளை உண்டாக்கி இரத்தத்திலிருந்து அதை இழுத்துக்கொள்கிறது. 1994-இல் வெளியான வடநாட்டு ஆய்வு ஒன்றில், 4444 இதய நோயாளிகளிடையே மரணம் 30 விழுக்காடு குறைந்தது. பி.சி.எஸ்.கே.9 புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-இல் வந்தன; ஆண்டுக்கு இருமுறை மட்டும் போடும் வகை 2020-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. பலர் இவற்றால் இன்று உயிர்வாழ்கின்றனர்.

ஆனால் இம்மருந்துகள் எல்லாமே ஏற்பியின் துணைகொண்டு செயல்படுபவை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். ஸ்டாடின் ஏற்பிகளைப் பெருக்குகிறது; புதிய ஊசிகள் ஏற்பிகள் அழியாமல் காக்கின்றன. லெபனான் மரபணுவை இரு புறமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ பெருக்கவும் காக்கவும் ஏற்பி என்ற ஒன்றே இல்லை. எந்தக் குழந்தைகளின் நோயிலிருந்து இவ்வறிவு பிறந்ததோ, அந்த அறிவில் விளைந்த மருந்து அவர்களுக்கு ஏறக்குறையப் பயனற்றது! வாரத்திற்கோ இரு வாரத்திற்கோ ஒருமுறை இரத்தத்தை வெளியே எடுத்துக் கருவியில் வடிகட்டி மீண்டும் செலுத்துவது, அன்றேல் கல்லீரலை மாற்றுவது என்பவையே நெடுங்காலம் அவர்களுக்கிருந்த பெரிய நம்பிக்கை.

ஏற்பியின் துணையின்றிச் செயல்படும் எவினாகுமாப் என்ற மருந்தை 2021 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஏற்றது. ஏற்பி அறவே இல்லாதவரிடமும் அது எல்.டி.எல். அளவைப் பாதியளவுக்குக் குறைத்ததாகச் சோதனைகள் காட்டின. 2023-இல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. மாதம் ஒருமுறை, ஆயுள் முழுவதும், நாளத்தின் வழியே ஏற்ற வேண்டிய இம்மருந்தின் விலை செல்வ நாடுகளின் காப்பீட்டு நிறுவனங்களையே தயங்கவைப்பது. 2019-இன் இறுதியில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் லெபனானின் நாணயம் மதிப்பிழந்தது. 2021-இல் அந்நாட்டு மருந்துக் கடைகளில் சாதாரண இரத்த அழுத்த மாத்திரைகளே கிடைக்காமற் போயின.